வாட்ச் கட்டிக்கொண்ட கோளாறு

1999-ஆம் ஆண்டு ஜூன் 14, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. விடிந்ததிலிருந்து மூன்று தடவை பெய்து ஓய்ந்த மழை, நாலாவது தடவைக்காக ஆரியசாலையின் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே கறுத்துக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஆபீஸ் படியில் குடையை உதறிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

வாயிலிருந்து கிளம்பிய சொல் போக வேண்டிய காதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும் என்பதை வாழ்நாளில் ஒரு தடவைகூட நம்பாத மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது அவர்தான். திருவனந்தபுரத்தில் அவரை எல்லோரும் லூப் சார் என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய வவுச்சர்களில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிப் போனால், அவர் வீட்டிலேயே ‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்று யோசிப்பார்கள்.

தொலைபேசி இலாகாவில் இருபத்தாறு வருடம் லைன் பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆரியசாலையிலிருந்து கழக்கூட்டம் வரை பதினொரு ஆபீசுகளின் மோடம்களை வருட ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். மோடம் என்றால் இன்றைக்குப் பலருக்கு மறந்திருக்கும். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. முகத்தில் எட்டு சிவப்பு விளக்குகள். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறு பக்கம் சாதாரண டெலிபோன் வயர். இது நம்பர் போட்டுக் கூப்பிட்டால், அந்த ஊரில் இதே மாதிரி இன்னொரு பெட்டி எடுக்கும். இரண்டும் பூனைச் சண்டை போலக் கொஞ்ச நேரம் கீச்சிட்டு ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். பிறகு இங்கே கம்ப்யூட்டரில் இருப்பது டெலிபோன் வழியாக அங்கே போய் இறங்கும்.

பெட்டி மக்கர் செய்தால் மற்ற மெக்கானிக்குகள் அதன் தலையில் தட்டுவார்கள், அணைத்துப் போடுவார்கள், ‘லைன் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். லூப் சார் தட்ட மாட்டார். முதலில் பெட்டிக்கு ஒரு கட்டளை கொடுப்பார்: கம்ப்யூட்டரிலிருந்து வருகிற எழுத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பு. பிறகு ஒரு வரி அடிப்பார். அது அப்படியே திரைக்குத் திரும்பி வந்தால் கம்ப்யூட்டரும் அதன் வயரும் சுத்தம். இரண்டாவது கட்டளை: எழுத்தைச் சத்தமாக மாற்று, ஆனால் லைனுக்குள் விடாதே, அந்தச் சத்தத்தை நீயே கேட்டு, மறுபடி எழுத்தாக்கிக் கொடு. வந்தால் பெட்டி சுத்தம். மூன்றாவது கட்டளை அந்த ஊர்ப் பெட்டிக்கு: நான் அனுப்புவதை அங்கிருந்து எனக்கே திருப்பி அனுப்பு. அதுவும் வந்தால் லைன் சுத்தம். இந்தச் சுற்றுகளுக்கு லூப் என்று பெயர். எந்தச் சுற்றில் எழுத்து சிதைகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒரு சுற்றைக்கூட அவர் தாண்ட மாட்டார். ஒரு முறை டெலிபோன் வயர் கழன்று தரையில் கிடந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்த பிந்து அதை விரலால் காட்டி, “சாரே, தோ கிடக்குது பாருங்கோ” என்றாள். லூப் சார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “அது மூணாவது சுத்துல வரும். பொறும்மா” என்றார். முதல் இரண்டு சுற்றையும் முடித்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் குனிந்து வயரை எடுத்தார். பதினெட்டு நிமிடம்.

இதோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல மெக்கானிக், அவ்வளவுதான். இதே சோதனையை அவர் மனிதர்களுக்கும் செய்தார்.

கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் அவரோடு காபி சாப்பிட உட்கார்ந்தேன். சப்ளையர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். லூப் சார் அவரிடம், “ரெண்டு காபி. ஒண்ணுல சர்க்கரை அரை ஸ்பூன். ஒண்ணு சர்க்கரையே இல்லாம. திருப்பிச் சொல்லும்” என்றார்.

“ஏன் சார்வாள், இது காப்பியா, கோர்ட்டு சம்மனா?”

“சொல்லும் ஓய்.”

அவர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் வந்த இரண்டும் பாயசம் மாதிரி இனித்தன. நானாக இருந்தால் குடித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் கவலைப்பட்டிருப்பேன். லூப் சார் எழுந்து நேராக அடுக்களைக்குள் போனார். காபி போடுகிறவரிடம், “உம்ம காதுல என்ன விழுந்தது, அப்படியே சொல்லும்” என்றார். “ரெண்டு காப்பி” என்றார் அவர். லூப் சார் திரும்பி வந்து உட்கார்ந்து, “டேபிள்லேர்ந்து சப்ளையர் வரைக்கும் லைன் கிளியர். சப்ளையர்லேர்ந்து அடுக்களைக்குத்தான் உதைக்கறது” என்று எனக்கு ரிப்போர்ட் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் கேட்ட காபி கிடைக்கவில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால் அவருக்குக் காபி தேவைப்படவும் இல்லை.

டாக்டரையும் விடவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், “காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு” என்றார். லூப் சார் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். டாக்டர் தலையாட்டினார். “தலையாட்டறது போராது டாக்டர். நீங்களும் ஒரு தரம் சொல்லணும்.” டாக்டர் எரிச்சலோடு, “காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று” என்றார். லூப் சார் என்னிடம் இதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “கேட்டேளா? ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறோம். எரர் எங்கே? சோர்ஸ்லேயே! டெஸ்ட் பண்ணாம வந்திருந்தா என் கதி என்ன?”

அவரை ஜெயித்த ஒரே ஆள் அவர் மனைவி. சாலைக் கடைத்தெருவுக்கு அவரை அனுப்பும்போது மாமியே முந்திக்கொண்டு, “முருங்கைக்கா நாலு, வெண்டைக்கா அரைக் கிலோ. திருப்பிச் சொல்லுங்கோ” என்பாள். அவர் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார். கத்திரிக்காயோடு வருவார்.

அந்தப் பட்டியல் அவருக்கு வேறு விதத்தில் உபயோகப்பட்டது. மோடத்தைச் சோதிக்க எல்லோரும் ஏதாவது ஆங்கில வாக்கியம் அடிப்பார்கள். அவர் ஆங்கில எழுத்தில் ‘முருங்கைக்கா நாலு’ என்று அடிப்பார். ஒரு நாள் சோதனை முடிந்து லூப்பை எடுத்தது ஞாபகமில்லாமல் அவர் அடித்த கடைசி வரி எங்கள் பார்சல் புக்கிங் லிஸ்டோடு சேர்ந்து கொச்சிக்குப் போய்விட்டது. மறு நாள் அங்கிருக்கும் தலைமை ஆபீசிலிருந்து ஃபோன்: “ஆரியசாலையிலிருந்து முருங்கைக்காய் நாலு உருப்படி என்று இருக்கிறது. லாரியில் இடம் ஒதுக்கியாயிற்று. சரக்கு எங்கே?”

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் ஒரு லாரி பார்சல் கம்பெனியின் கிளை. நான் ஹெட் கிளார்க். அப்போது வயது ஐம்பத்து மூன்று. கோட்டைக்குள் ஓர் அக்ரகாரத் தெருவில் வீடு. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் படி வரை 1,862 அடி. தினமும் மாலை நாலரை மணிக்கு, அன்றைக்குப் பதிவான பார்சல்களின் லிஸ்டை பிந்து மோடம் வழியாகக் கொச்சிக்கு அனுப்புவாள். இருபத்தைந்து நிமிடம் ஆகும். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லிஸ்ட் போனால்தான் அங்கே லாரி ஏற்பாடாகும்.

ஜூன் முதல் தேதி பெருமழை. எங்கள் கட்டிடச் சுவரில் இருந்த வயர்ப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, லிஸ்ட் போகவில்லை. மறு நாள் பெட்டியைத் துடைத்துச் சரிசெய்தாயிற்று. ஆனால் அன்றைக்கும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. இரண்டாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதிவரை பத்து வேலை நாட்களில் ஒன்பது நாள் லிஸ்ட் பாதியில் அறுந்தது.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி, என்னோடு பேசும்போது தமிழில் தொடங்கி பாதியில் விட்டுவிடுவார்.

“ஹெட் கிளார்க் சாரே, கொச்சிக்காரன் என்ன சொல்றான் தெரியுமோ? அடுத்த சனிக்கிழமைக்குள்ளே தொடர்ச்சியா மூணு திவசம் லிஸ்ட் முழுசா வரணும். இல்லெங்கில் புக்கிங் செக்‌ஷன் மொத்தமா அங்கோட்டு. ஏழு பேரும்.”

ஏழு பேரில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழு பத்துக்கு ஓர் ஊசி, மாலை ஏழு பத்துக்கு ஓர் ஊசி. எட்டு வருடமாக இரண்டையும் நான்தான் போட்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கொச்சியில் உட்கார்ந்திருந்தால் ஏழு பத்துக்கு இங்கே யார் இருப்பார்கள்? இதை ஒரு காகிதத்தில் எழுதி, சாத்தியமான பெயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று என்று எண் போட்டதோடு நின்றது.

கவலைப்படுகிறவன் சும்மா இருக்க மாட்டான். மோடம் இருந்த கம்ப்யூட்டர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அதே டெலிபோன் லைனிலிருந்து ஒரு கிளை வயர் எடுத்து என் மேசையிலும் ஒரு ஃபோன் வைத்திருந்தார்கள். ஜூன் முதல் தேதி லைன் போனதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிந்து லிஸ்ட் அனுப்பத் தொடங்கியதும், நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை வாட்சைப் பார்த்து, ஃபோனை மெதுவாக எடுத்து, பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு காதில் வைப்பேன். கீச்சென்று கேட்டால், போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு நிம்மதி. வைத்துவிடுவேன். மூச்சுக்கூட விட மாட்டேன். ஆகவே நான் எடுத்தது லைனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை லூப் சார் வந்தது இந்த நிலைமையில்தான். முன்பு இரண்டு தடவை வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போயிருந்தார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்று சுத்தம். பத்து ஐம்பத்தெட்டுக்குக் கொச்சிப் பெட்டியைப் பிடித்தார். சரியாகப் பதினொரு மணிக்கு மூன்றாவது சுற்று ஆரம்பமாயிற்று. ‘முருங்கைக்கா நாலு’ கொச்சிக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் என் அறையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஐயோ சாரே, எழுத்தெல்லாம் புழுவாட்டம் நெளியுது!” என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் பிந்து கத்தினாள். நான் அங்கே ஓடினேன். அதற்குள் திரை தெளிந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தினாள். மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை தொடர்பே அறுந்துவிட்டது.

“மழைதான்” என்றேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

லூப் சார் நோட்டைக் காட்டினார். பதினொன்று நாலு. பதினொன்று எட்டு. பதினொன்று பன்னிரண்டு.

“மழை வாட்ச் கட்டிக்குமா ஓய்? ஈரம் கட்டிக்குமா? எலி கட்டிக்குமா? இந்தக் கோளாறு வாட்ச் கட்டிண்டிருக்கு. அதுவும் நல்ல வாட்ச்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பிந்துவிடம் லிஸ்ட் அனுப்பிய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “ஒன்பதாம் தேதி மட்டும் முழுசாப் போயிருக்கே. அன்னிக்கு என்னம்மா விசேஷம்?”

பிந்து யோசித்தாள். “விசேஷம் ஒண்ணும் இல்லை சாரே. அன்னு ஹெட் கிளார்க் சார் லீவ். மாமியைக் கூட்டிண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு.”

லூப் சார் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு ஸ்டூலைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “ஓய், நீர் இங்கே உக்காரும். உள்ளே போக வேண்டாம்.” கொச்சியைத் திரும்பப் பிடித்தார். இருபத்தைந்து நிமிடம் ஓடியது. ஓர் எழுத்து பிசகவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். முருங்கைக்காய் அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை பத்திரமாகத் திரும்பி வந்தது.

“நான் பக்கத்துல இருந்தா ராசி போலிருக்கு” என்றேன் சந்தோஷமாக.

“அதே” என்றார் லூப் சார். “நீர் இங்கே இருந்தா ராசிதான்.”

பிந்து சாப்பிடப் போனதும் அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். “லிஸ்ட் போறச்சே நீர் இங்கே என்ன பண்ணுவீர்? அப்படியே பண்ணிக் காட்டும்.”

நான் வாட்சைப் பார்த்தேன். ஃபோனை எடுத்தேன். பேசும் பக்கத்தைப் பொத்தினேன். காதில் வைத்தேன். மூச்சை அடக்கினேன். வைத்தேன். பெருமையோடுதான் செய்து காட்டினேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் சிரிப்பார் என்று நினைக்கிறீர்கள். சிரிக்கவில்லை. “ஓய், ரெண்டு பேர் ஒரு சொம்பு ஜலத்தைக் கை மாத்திண்டு இருக்கறச்சே, நடுவிலே நீர் அதுல கையை விட்டு ஜலம் இருக்கான்னு பாக்கறீர். தெறிக்காம என்ன பண்ணும்? இந்த ஃபோனை எடுத்தாலே லைனோட பலம் பாதி இங்கே வந்துடறது. நீர் மூச்சு விடறதும் விடாததும் அதுக்கு ஒண்ணுதான்.”

ஒன்பது நாள். ஏழு பேர். கொச்சிக்கு அனுப்பப்பட இருந்த ஏழு பேரையும் நான் ஒருவனே, என் கையாலேயே, நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். “மேனேஜர்கிட்டே என்ன சொல்லப் போறேள்?” என்றேன்.

“முதல்லே டெஸ்டை முடிப்போம். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லும். ‘லிஸ்ட் போறச்சே இந்த ஃபோனைத் தொட மாட்டேன்.’”

“லிஸ்ட் போறச்சே இந்த ஃபோனைத் தொட மாட்டேன்.”

“இன்னொரு தரம்.”

மூன்று தடவை சொல்ல வைத்தார். “எரர் இல்லை” என்று நோட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

மேனேஜருக்கு அவர் கொடுத்த ரிப்போர்ட் இரண்டு வரி: மோடத்துக்கு வரும் வயரின் பிளக்கைச் சென்ற முறை தான் சரியாக அழுத்திப் பொருத்தாததே கோளாறு, இப்போது சரிசெய்தாயிற்று. அன்று மாலை நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிஸ்ட் முழுசாகப் போயிற்று. மறு நாளும் போயிற்று. அதற்கு மறு நாளும் போயிற்று. ஏழு பேரும் பிழைத்தோம். பிந்து லட்டு வாங்கி வந்தாள். என்னுடையதைக் காகிதத்தில் சுற்றி மேசைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் முப்பதாம் தேதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக்கொள்ளச் சொன்னார். லூப் சாரின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது; புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம். நாலு வாக்கியம். தான் செய்த தவறால் பத்து நாள் கம்பெனியைக் கஷ்டப்படுத்தியதை அவரே எழுதிக் கொடுத்திருப்பதால், என்று மூன்றாவது வாக்கியம். அதுவரை எழுதிவிட்டேன். நாலாவதற்குப் பேனா போகவில்லை.

“எந்தா சாரே, மை தீர்ந்துபோச்சோ?”

“சார், பிளக்குல ஒண்ணும் இல்லை. ஃபோனை எடுத்தது நான்.”

முழுவதையும் சொன்னேன். வாட்ச், கையால் பொத்தியது, மூச்சை அடக்கியது, ஒன்பதாம் தேதி லீவ் எல்லாவற்றையும். மேனேஜர் சிரித்தார். பதினேழு வினாடி சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

“பத்து திவசம் கொச்சிக்காரன்டெ வாயிலே இருக்கிற சீத்த, திட்டு எல்லாம் ஞான் கேட்டேன். சார் உள்ளே ஃபோனில் பாட்டு கேக்குகயாயிருந்நு, அல்லே?” என்றார். கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். “லூப் இருக்கட்டும். அங்கே ஹெட் ஆபீசிலே ஒரு கிளார்க் வேணும்னு கேட்டிருக்காங்க. சார் தன்னெ போய்க்கோ. மேசையிலே ஃபோன் வைக்க வேண்டாம்னு நானே எழுதிடறேன்.”

அன்று மாலை லூப் சார் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

“உம்மை நான் திருப்பிச் சொல்லத்தானே சொன்னேன்? சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னது யாரு ஓய்?”

“உங்க ஒப்பந்தம் போயிடுமேன்னுதான்…”

“எனக்குப் பதினொரு ஆபீஸ். ஒண்ணு போனா பத்து இருக்கு. உமக்கு எத்தனை பொண்டாட்டி ஓய்?”

உள்ளே என் மனைவி சிரித்துவிட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “அவர் போயிட்டு வரட்டும். ஊசியை நானே போட்டுப்பேன்” என்றாள்.

“உனக்குக் கை நடுங்குமே” என்றேன்.

“எனக்கு எங்கே நடுங்கித்து? நடுங்கறது உங்க கை. குத்தறச்சே சொன்னா இன்னும் நடுங்குமேன்னு எட்டு வருஷமாச் சொல்லலை.”

லூப் சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதல் தடவையாக யாரையும் எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் போனார்.

ஜூலை 12, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் ரயிலுக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். ஊசி மருந்தின் அளவை நாளுக்கு ஒன்றாக ஆறு காகிதத்தில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டு வந்தும் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு குடை வந்து நின்றது.

“நீங்க எங்கே இங்கே?”

“அறிவிப்பு மூணு பாஷையில வரது. மூணும் ஒரே ரயிலைத்தான் சொல்றதான்னு பாக்கணும். உம்மைப் பாக்க வரலை.”

மூன்றையும் கவனமாகக் கேட்டார். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். ரயில் நகர்ந்ததும் ஜன்னலோடு ஒன்பது அடி நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமையும் அறிவிப்பைச் சோதிக்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். “இன்னுமா சந்தேகம்?” என்று கேட்டதற்கு, “ஹிந்தியிலே ஒரு இழுப்பு இருக்கு ஓய்” என்றார். ஓணத்துக்கு முன்பும் வந்தார். அவருக்குக் காய்ச்சல் இருந்த வாரம் கழுத்தில் மப்ளரோடு வந்து, ரயில் ஏற்றிவிட்டு, இருமிக்கொண்டே போனார். வர வேண்டாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவருக்குக் காது கேட்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால், ஊசி ஒன்றும் தவறவில்லை என்று என் மனைவி சொல்வாள். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஏழு பத்துக்கு லூப் சார் வீட்டு மாமி தற்செயலாக வந்து உட்கார்ந்திருந்து, தற்செயலாகப் போய்விடுகிறாள் என்பதையும் சொல்வாள்.

நாற்பத்து நாலு வாரம் ஆயிற்று. மேனேஜர் மாறினார்; புது மேனேஜர் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசித் திங்கட்கிழமை லூப் சார் ஜன்னலோடு நடந்தது முப்பத்தோரு அடி. பிளாட்பாரம் வளைகிற இடத்தில் குடையைத் தூக்கிக் காட்டிவிட்டு நின்றுவிட்டார்.

போகவர எண்பத்தெட்டுப் பயணம், தடவைக்கு ஐம்பத்திரண்டு ரூபாய் வீதம், எனக்கு 4,576 ரூபாய். நாற்பத்து நாலு பிளாட்பாரம் டிக்கெட், மூன்று ரூபாய் வீதம், அவருக்கு 132 ரூபாய். அந்த ஃபோனை நான் எடுத்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடைசியாக ஆன செலவு நாலாயிரத்து எழுநூற்றெட்டு ரூபாய்.